சிக்கந்தர் ஹஜ்ஜுக்குப் போகும் முன்

1

கிள்ளானில் என் சாப்பாட்டுக் கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தில் இறங்கி மூக்கு போகிற பக்கம் நடந்தால் போதும். பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன். மூன்று கடை வைத்திருக்கிறேன். ஒரு மந்திரி வந்து என் கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார். மதுரை காளவாசலில் ஒரு பரோட்டாக் கடையின் பின்பக்கம் எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவன் நான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பங்கு போட்டபோது என் பங்குக் கிணறு வற்றிக் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுச் சமையல்காரனாக இந்த நாட்டுக்கு வந்தேன். வந்த புதிதில் மலாய்க்காரர் ஒருவர் ‘சுசு’ என்று கேட்டார். நான் அவரைக் கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேட்டது பால். அப்படி ஆரம்பித்தவன் இன்றைக்கு அதிகாரிகளோடு மலாயிலேயே வாதாடுகிறேன்.

என் மூன்று கடையிலும் ஹலால் முத்திரை தொங்குகிறது. இந்த நாட்டில் அது லேசில் கிடைக்காது. அதுவும் திருநீறு பூசிய முதலாளிக்கு இன்னும் பாடு. சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். குளிர்பெட்டியைத் திறப்பார்கள். இந்தக் கோழி எங்கே வாங்கியது, யார் அறுத்தது, எந்தக் கத்தி என்று குடைவார்கள். ஒரு தடவைகூட என் கடையில் ஒரு குறை கண்டுபிடித்ததில்லை. இந்த வருஷம் வந்தவள் சின்னப் பெண், என் பேத்தியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, ஒரு தேநீரைக்கூட வாங்கிக் குடிக்காமல் கிளம்பினாள். போகும்போது மலாயில் சொன்னாள்: “எங்கள் ஆட்கள் உங்களை நம்பிச் சாப்பிடுகிறார்கள், பாக்சிக்.” பெரியப்பா என்கிற மாதிரி மரியாதைச் சொல் அது.

அவள் படி இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் என் கைப்பேசி அடித்தது. இந்திய எண்.

“மாப்ள, நான் சிக்கந்தர் பேசுறேன். சிம்மக்கல்லுல இருந்து.”

“எந்த சிக்கந்தர்?” என்றேன். தெரியாமல் கேட்கவில்லை. அந்தக் குரலைக் குழாயடியில் நூறு பேர் கத்தினாலும் பிரித்துச் சொல்லிவிடுவேன்.

“சைக்கிள் கடை காசிம் பாய் மகன்டா.”

“அட, சிக்கந்தரா! நல்லா இருக்கியா? எனக்கு ஒரு குறையும் இல்ல. மூணாவது கடை தொறந்தாச்சு, கேள்விப்பட்டியா? மந்திரி வந்து சாப்புட்டுப் போனாரு.”

“கேள்விப்பட்டேன் மாப்ள. சந்தோசம்.” என்றான். “இந்த வருசம் ஹஜ்ஜுக்குப் போறேன். குலுக்கல்ல பேரு விழுந்துருச்சு. அதான், போறதுக்கு முன்னாடி பழகுனவக எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை…”

“கடையில கூட்டம் அம்முது மாப்ள. நானே கூப்புடுறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடையில் ஈ காக்கை இல்லை. பிற்பகல் மூன்று மணி. பங்களாதேஷ் பையன் ஒருவன் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மதுரைப் பக்கம் முஸ்லிம்களோடு பழகியவர்களுக்கு அவன் என்ன கேட்க வந்தான் என்று தெரியும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் உறவு, பழக்கம், சண்டை போட்டவன் என்று எல்லோரிடமும் போய், ‘தெரிந்தோ தெரியாமலோ நான் ஏதாவது செய்திருந்தால் மன்னித்துவிடு’ என்று கேட்பார்கள். மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

சிக்கந்தர் என்னிடம் மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டான். என்னிடம்.

2

நடந்ததை அன்றைக்கு என் மகனிடம் சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் என் மனைவியிடமே சொல்லாததை, சாப்பாட்டு மேசையில் அவனிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேனோ. அவன் இங்கேயே பிறந்தவன், கணக்காய்வாளர், காரோட்டிக்கொண்டே சாப்பிடுகிறவன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“சாரின்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்கப்பா. கோழி விஷயம்தானே?”

“கோழி விஷயம் இல்லடா.”

“நீங்கதானே கோழின்னு சொன்னீங்க?”

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு ஹலால் என்றால் சுவரில் மாட்டுகிற முத்திரை. மகள் பெர்த்தில் இருக்கிறாள். அவள் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை ‘தாத்தா’. அதையும் அவர்கள் சொல்லும்போது வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். இவர்களுக்காகத்தான் சம்பாதித்தேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் என் நெஞ்சில் இருப்பதை இறக்கி வைக்கிற இடம் அவர்களிடம் இல்லை. அந்த இடம் சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. சிக்கந்தரின் அம்மா ஜைத்தூன் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார், தொண்ணூறை நெருங்குகிறார் என்று ஊர்க்காரன் ஒருவன் சொல்லியிருந்தான். சிக்கந்தர் விமானம் ஏறுவதற்குள் அந்த அம்மா முன்னால் போய் நின்று, அவர் மகன்மேல் நான் போட்ட பழியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலைக்காகத் திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டு, வருகிறேன் என்று மட்டும் சிக்கந்தருக்குச் சொன்னேன்.

3

என்ன பழி என்று சொல்கிறேன்.

டி. கல்லுப்பட்டிக்கு உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் இரண்டு கிணறு, நான்கு ஜோடி மாடு. காசிம் பாய்க்கு ஊரில் ஒரு பிடி மண் கிடையாது. சாலையோரப் புறம்போக்கில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதில் ஐந்தாறு வாடகை சைக்கிள் வைத்திருந்தார். ஊரில் அந்த ஒரே வீடுதான் முஸ்லிம் வீடு. அவர், ஜைத்தூன் அம்மா, சிக்கந்தர், கைக்குழந்தையாக ஒரு தம்பி.

சிக்கந்தரும் நானும் ஒரே வகுப்பு. அவன்தான் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவான். நான் விழுந்தால் முதலில் என்னைத் தூக்குவான், பிறகு சைக்கிளைப் பார்ப்பான். வளைந்த ஹேண்டில்பாரை அவன் அத்தா காசிம் பாய் வருவதற்குள் முட்டியில் வைத்து நிமிர்த்தி விடுவான். நான் பெரிய வீட்டுப் பிள்ளை. நான் ஏறி உட்காருவேன், அவன் தள்ளுவான். இதில் ஒரு வித்தியாசம் இருப்பதாக அப்போது இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை. எனக்குத் தோன்றவில்லை என்றாவது உறுதியாகச் சொல்லலாம்.

பங்குனியில் ஊர்ச்சாமிக்குப் பொங்கல் வைப்போம். வீட்டுக்கு வீடு கிடா வெட்டு. என் அப்பா காசிம் பாய் குடும்பத்தை வருஷம் தவறாமல் அழைப்பார். சாமிக்கு வெட்டியதை அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்பதால், அவர்களுக்கென்று இரண்டு சேவலை ஒதுக்கி, பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் மோதினாரிடம் கொடுத்து ஓதி அறுத்து வாங்கி வந்து, தனிச் சட்டியில் சமைப்பார்கள். அவர்களுக்குப் பந்தியும் தனி, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து வேப்ப மரத்தடியில். அதை நாங்கள் மரியாதை என்றுதான் நினைத்தோம்.

காசிம் பாய் ஒவ்வொரு தடவையும் கை கழுவும்போது சொல்வார்: “வெளியில எங்கயும் கறி தொட மாட்டேன்யா. உங்க வீட்டுல மட்டும் கேள்வி கேக்காமச் சாப்புடுவேன்.”

என் அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

4

எனக்குப் பதின்மூன்று வயதான வருஷம், சேவல்களை அறுத்து வாங்கி வரும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். காசிம் பாய் கடையிலேயே சைக்கிள் எடுத்தேன். சிக்கந்தர்தான் காற்றடித்துக் கொடுத்தான். “நானும் வாரேன்டா” என்றான். கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவன் அத்தா விடவில்லை.

வழியில் மாட்டு வண்டிப் பந்தயம். சாலையின் இரண்டு பக்கமும் ஜனம். நான் சைக்கிளை ஒரு புளிய மரத்தில் சாய்த்துவிட்டு, சேவல் பையை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு நின்றேன். பெரிய மாடு முடியட்டும் என்று நின்றேன். பிறகு சின்ன மாடும் முடியட்டும் என்று நின்றேன். பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மோதினார் இல்லை, ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார், சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். வீட்டில் உலை வைத்துக் காத்திருப்பார்கள். வெறுங்கையோடு போனால் அப்பா தோலை உரித்துவிடுவார். மாட்டுக்கு எடுக்கிற சாட்டைதான் எங்களுக்கும்.

திரும்பி வரும் வழியில் இளநீர்க்காரனிடம் அரிவாளை வாங்கி, ஓடைக்குள் இறங்கி, நானே இரண்டையும் அறுத்தேன்.

பந்தயம் பார்க்க வந்த எங்கள் ஊர்ச் சுருளி பாலத்தின்மேல் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். வேலை வெட்டி இல்லாதவன். என்னைப் பார்த்துச் சிரித்தான். “என்னடா மோதினாரே, ஓதியாச்சா?” என்றான். நானும் சிரித்தேன்.

மதியம் வேப்ப மரத்தடியில் காசிம் பாய் திருப்தியாகச் சாப்பிட்டார். வழக்கம்போல் கை கழுவும்போது அதையே சொன்னார். சிக்கந்தர் ஒரு ஈரலை எடுத்து, பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினான். எனக்கு வேண்டாம் என்றேன்.

5

மூன்றாம் நாள் டீக்கடையில் சுருளி வாயைத் திறந்துவிட்டான். “என்ன பாய், நம்ம தங்கராசு ஓதி அறுத்த சேவல் எப்படி இருந்துச்சு?” கடையே சிரித்ததாம்.

காசிம் பாய் சிக்கந்தரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். கோபமாகப் பேசவில்லை.

“அய்யா, ஊருக்குள்ள ஒரு பேச்சு. பொய்யாத்தான் இருக்கும். தம்பியை ஒரு வார்த்தை கேட்டுட்டாத் தேவலாம்” என்றார்.

என் அப்பா சுவரில் தொங்கிய சாட்டையை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “உண்மையாடா?”

என் கால்சட்டை நனைந்துவிட்டது. ஆமாம் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சாட்டை என் கண்ணுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பாதியாவது வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

“சிக்கந்தருக்கும் தெரியும்” என்றேன். “சைக்கிளைத் திருப்பி விடும்போதே சொல்லிட்டேன். அவன்தான், எங்க அத்தாகிட்டச் சொல்லாத, சாப்புட்டுப் போகட்டும், என்ன தெரியவா போகுதுன்னு சொன்னான்.”

காசிம் பாய் மகன் பக்கம் திரும்பினார். சிக்கந்தர் என்னைப் பார்த்தான். பிறகு சாட்டையைப் பார்த்தான்.

“ஆமாத்தா” என்றான்.

என் அப்பா சாட்டையைக் கீழே போட்டுவிட்டார். குற்றம் பாதி அவர்கள் வீட்டுப் பிள்ளையுடையது என்று ஆனதும் அவர் கோபமும் பாதியாகிவிட்டது. “ரெண்டும் சேந்து பண்ணியிருக்குதுக கழுதைக” என்றார். இருந்தாலும், “எங்க வீட்டுச் சோத்துல இப்படி ஆகிப்போச்சே பாய்” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியாமச் சாப்புட்டதுக்கு என்மேல பாவம் இல்லய்யா” என்றார் காசிம் பாய். “தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அத்தா சாப்புடுறதைப் பக்கத்துல உக்காந்து பாத்தானே. அதுக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல.”

அந்தச் சித்திரை முடிவதற்குள் கொட்டகையைப் பிரித்து, சைக்கிள்களை விற்று, மதுரைக்குப் போய்விட்டார்கள். சிக்கந்தர் பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை எழுதக்கூட வரவில்லை. சிம்மக்கல்லில் பழ மண்டியில் மூட்டை இறக்கப் போய்விட்டான் என்றார்கள். ஒரு முறை, காளவாசலில் நான் தட்டு கழுவிய நாட்களில், அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். முதுகில் சாக்கோடு லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். நான் சட்டென்று வேறு சந்துக்குள் திரும்பிவிட்டேன். பிறகு கடல் தாண்டிவிட்டேன். கிள்ளானில் இருக்கும்போது அது எப்போதோ எங்கேயோ நடந்த சின்ன விஷயம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

6

இந்த நாட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் என் கையில் இருப்பது நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டைதான். குடியுரிமைக்கு எழுதிப் போட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். பரிசீலிக்கிற அதிகாரிகளே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். விமான நிலையத்தில் முத்திரை குத்துகிறவன், “எப்போது திரும்பி வருவீர்கள்?” என்றான். திருச்சியில் இறங்கினால் அங்கே குத்துகிறவர், “எப்ப சார் திரும்பிப் போறீங்க?” என்றார். இரண்டு பக்கமும் எனக்கு வாசல்தான், கூடம் இல்லை.

திருச்சியிலிருந்து வாடகைக் கார். ஓட்டுகிற தம்பியிடம், “பசியாறிட்டியா?” என்று கேட்டேன். அவன் முழித்தான். கிள்ளானில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். “ரொம்பப் பசிக்குதா சார், வண்டிய நிப்பாட்டவா?” என்றான். வழி நெடுக அவனிடம் என் மூன்று கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். வாயை மூடினால் மற்றது மேலே வந்துவிடும்போல் இருந்தது.

7

சிக்கந்தரின் கடை சிம்மக்கல்லில் ஒரு சந்து முனையில் இருக்கிறது. கொய்யா, சாத்துக்குடி, ஒரு மூலையில் பேரீச்சம்பழப் பெட்டி. அவன் மகன் எடை போட்டுக்கொண்டிருந்தான். சிக்கந்தர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தாடி முழுக்க வெள்ளை. முதுகு, மூட்டை சுமந்த முதுகு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“வா மொதலாளி” என்றான். “ஒனக்கு முன்னாடி ஒன் தொப்பை வந்து சேந்துருச்சு.”

எதிர்க்கடைக்கு டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனான். வரும்போது விமானத்தில் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“ஒங்க அம்மாவைப் பாக்கணும்” என்றேன். “அன்னைக்கு நான் சொன்னது பொய்யின்னு சொல்லணும். நீ போறதுக்கு முன்னாடி.”

“என்னத்துக்கு மாப்ள இப்ப?”

“ஹஜ்ஜுக்குப் போறியேடா. சுத்தமாப் போ.”

“நான் சுத்தமாத்தான் இருக்கேன்” என்றான். கோபமில்லாமல், கடையில் சில்லறை இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

கிள்ளானில் என்னை யாரும் அப்படி நிறுத்தியதில்லை. கேட்டேன்: “அன்னைக்கு ஏன்டா ஆமான்னு சொன்ன?”

டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “ஒங்கப்பா கையில சாட்டை இருந்துச்சு. ஒனக்கு டவுசர் நனைஞ்சுருச்சு. எங்க அத்தா அடிக்க மாட்டாகன்னு எனக்குத் தெரியும். சரி, பாதியை நாம வாங்கிக்குவோம்னு சொல்லிட்டேன்.” லேசாகச் சிரித்தான். “அடிக்கல. சொன்னேன்ல, அடிக்கவே மாட்டாக. ஆனா அதுக்கப்பறம் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலடா. நான் கொண்டாந்த பழத்தைத் தொடல. நான் சம்பாதிச்சுப் போட்ட சோத்தைத் தம்பி சம்பாத்தியம்னு சொன்னாத்தான் தின்பாக. அடிக்கு மேல இப்படி ஒன்னு இருக்கும்னு எனக்கு அப்பத் தெரியாது. பதிமூணு வயசு.”

“அப்பறமாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. ஒரு வருசம் கழிச்சுச் சொன்னேன். அன்னைக்கு ஆமான்ன, இன்னைக்கு இல்லங்கிற, எதுடா பொய்யின்னு கேட்டாக. ரெண்டுல ஒன்னு பொய்தானே?” டீயைக் குடித்து முடித்தான். “அத்தாவுக்குக் கடைசி நேரத்துல எல்லாரும் ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்துனோம். நான் கொண்டு போனப்ப வாயை மூடிக்கிட்டாக. முழிப்பு இருந்துச்சான்னு தெரியல. இல்லாமத்தான் இருக்கும்.”

டீக்கடைக்காரர் பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினார். வெளியே ஆட்டோக்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. நான் எழுந்தேன்.

“வா, ஒங்க அம்மாகிட்டச் சொல்லிருவோம். இப்பவே.”

“உக்காரு” என்றான். “அத்தா போன பின்னாடி அம்மாவே வந்து, வாடா, நான் ஒன்னைய மன்னிச்சுட்டேன்னு சொல்லிச்சு. அன்னைல இருந்து என் கையாலதான் சாப்புடுது. கால் போச்சு, இப்ப நான்தான் ஊட்டி விடுறேன். இப்ப நீ போயி, ஓம் மகன் ஒன்னும் பண்ணலம்மான்னு சொல்ற. அப்ப என்ன ஆகும்? அம்புட்டு வருசமும் சும்மாவே இந்தப் பிள்ளையைப் போட்டு வதைச்சோமே, இவுக அத்தா தெரியாமயே போய்ச் சேந்துட்டாகளேன்னு ஆயிரும். தொண்ணூறு வயசுல அதை எங்கிட்டுக் கொண்டு போயி வைக்கும்?”

நான் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“நீ சொன்னா ஒனக்கு எறங்கிரும். அதுக்கு ஏறிரும். வேணாம் மாப்ள. அம்மாவைப் பாரு, சலாம் சொல்லு, வந்துரு. என் மேல சத்தியம்.”

மந்திரியோடு படம் எடுத்தவன், மூன்று கடைக்கு முதலாளி. அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பழக்கடைக்காரன் போட்ட சத்தியத்துக்குத் தலையாட்டினேன். அவன் சொன்னது சரி.

8

வீடு சந்துக்குள் சந்து. ஒரே அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. ஜைத்தூன் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் வெளுத்திருந்தது. கைப்பிடி அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தார்.

சிக்கந்தர் காதோரம் குனிந்து கத்தினான். “அம்மா, தங்கராசு வந்துருக்கான். நம்ம பழைய ஊரு. பெரிய வீட்டுத் தங்கராசு.”

அவர் என் கையைப் பிடித்து, தடவிப் பார்த்து, விரலில் இருந்த மோதிரங்களை எண்ணுகிற மாதிரி தொட்டார். “சீமையில நல்லா இருக்கியாமே ராசா” என்றார். “இருப்ப. ஏன் இருக்க மாட்ட? எங்க வீட்டுக்காரக மவுத்தாகுற வரைக்கும் ஒன்னையப் பத்திச் சொல்லுவாக. அந்தப் பிள்ளை தப்புப் பண்ணுனான், ஆனா கேட்ட ஒடனே மறைக்காம உண்மையைச் சொன்னான், நல்ல வளர்ப்புன்னு சொல்லுவாக.”

நான் சிக்கந்தரைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் போய், மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணிகளைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தான். ஹஜ்ஜில் உடுத்துகிற தையல் இல்லாத துணி.

“இவன் ஹஜ்ஜுக்குப் போறான் ராசா” என்றார் அந்த அம்மா.

“ஆமாம்மா. சொன்னான்.”

“நான் மன்னிச்சுட்டேன். இவுக அத்தாவும் அங்க மன்னிச்சுருப்பாக, நான் அம்புட்டு துவா கேட்டிருக்கேன். ஆனா ஒங்க வீடு பாக்கி இருக்குல்ல?” என் கையை விடாமல் இழுத்தார். “ஒங்கப்பா எம்புட்டு மரியாதையா எங்களைக் கூப்புட்டு ஒக்கார வச்சுச் சோறு போட்டவரு. இவன் பண்ணுன காரியத்தால அவரு எங்க வீட்டுக்காரக முன்னாடி தலை குனிஞ்சு நின்னாரே. அவரும் இப்ப இல்ல. அவருக்குப் பதிலா நீதான் சொல்லணும். இவனை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு ராசா. இல்லாட்டி இவன் போற ஹஜ்ஜு நெறவாகாது. நான் கண்ண மூடுறதுக்குள்ள அதைக் காதால கேட்டுறணும்.”

சொல்லிவிடலாம், எல்லாவற்றையும் இந்த நிமிஷமே சொல்லிவிடலாம் என்று ஒரு வேகம் வந்தது. அம்மா என்று ஆரம்பித்தேன்.

“சொல்லு மாப்ள” என்றான் சிக்கந்தர். என்னைத் திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னான்.

“மன்னிச்சுட்டேம்மா” என்றேன்.

“கேக்கலயே. என்ன சொன்னான்?”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுடா” என்றான் சிக்கந்தர். “அம்மாவுக்குக் காது மந்தம்.”

கல்லாவிலிருந்து கூப்பிட்டால் தெருக்கோடி வரை கேட்கிற குரல் எனக்கு. அந்தக் குரலை எடுத்தேன்.

“சிக்கந்தரை நான் மன்னிச்சுட்டேம்மா!”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. சந்தில் யாரோ ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு கையையும் ஏந்தி எனக்காக துவா கேட்டார். நான் நன்றாக இருக்க வேண்டும், என் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும், என் கடைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நீளமாகக் கேட்டார். கேட்டு முடித்து, கையை முகத்தில் தடவிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“கேட்டியாடா? மன்னிச்சுட்டானாம்.”

“கேட்டுச்சும்மா” என்றான் சிக்கந்தர்.